வரிசையில் நின்ற களைகள்

என் வீட்டுக்காரரைச் சும்மா உட்காரச் சொல்லி அரசாங்கம் பணம் கொடுக்கிறது. கரும்பு தின்னக் கூலி என்பார்களே, அதுதான். கரும்பே பிடிக்காத ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டுக்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் மானியம் கிடையாது.

போன அறுவடை முடிந்த கையோடு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. டிராக்டரிலிருந்து இறங்கி, பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "வெயில் ஜாஸ்தி" என்றார். அன்றைக்கு வானம் முழுக்க மேகம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்த பிறகு டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். "இனிமே இவர் வயல்ல இறங்கக் கூடாதும்மா. இன்னொரு தடவை வந்தா, இங்க கூட்டிட்டு வர உங்களுக்கு நேரம் இருக்காது" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "வாயுக் கோளாறாம்" என்றேன். அவரும், "நானும் அதான் நினைச்சேன்" என்றார்.

ஏன் மறைத்தாய் என்று என்னைக் கேட்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது. சொல்லியிருந்தால், "உழுதுக்கிட்டே சாவேன்" என்று வசனம் பேசுவார். பேசினால் செய்தும் காட்டுவார். நிலத்தை விற்கலாம் என்று வாயெடுத்தால், விலை பேசி முதலில் என்னைத்தான் விற்பார்.

என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்த நாளில்தான் மாவட்ட மானிய அலுவலகத்தின் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். ஓய்வு நில மானியம். நிலத்தை மூன்று வருடம் அப்படியே போட்டுவிட வேண்டும். உழக் கூடாது, விதைக்கக் கூடாது, களை எடுக்கக் கூடாது. புல் பூண்டு தானாக முளைத்து, பூச்சி வந்து, பூச்சியைத் தின்னப் பறவை வந்து, மண் தன் இஷ்டத்துக்குக் கிடக்க வேண்டும். அதற்கு வருடா வருடம் பணம். அந்தச் சுவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது எனக்கு. நிலம் ஓய்வெடுத்தால் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மனிதரும் ஓய்வெடுத்துத்தானே ஆக வேண்டும்?

"மண்ணுல சத்தே இல்லையாம். மூணு வருஷம் விட்டா அப்புறம் தங்கமா விளையுமாம்" என்று அவரிடம் சொன்னேன். மண்ணுக்கு நல்லது என்றதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். எனக்கு நல்லது என்று சொன்ன எதற்கும் அவர் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில்லை.

கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று வாங்கி வாசலில் போட்டேன். அதில் அவர் உட்கார்ந்த நேரத்தைவிட அதன் கால்களைத் தட்டிச் சரிசெய்த நேரம் அதிகம். வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் தீட்டினார். தக்காளியைக் காட்டினாலே போதும், தானாகவே இரண்டாகும் என்கிற நிலைமை. அப்புறம் நன்றாக இருந்த கதவுகளைக் கழற்றி மாட்டினார். மாட்டியவை அதற்கப்புறம் மூடவில்லை.

இதற்கிடையில் பக்கத்து நிலத்துக்காரர். அவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் சொந்த அண்ணன்தான். வேலியோரம் நின்றுகொண்டு எதைப் பார்த்தாலும் தலையை ஆட்டுவார். அதனால் என் மனதுக்குள் அவருக்கு ஓணான் என்று பெயர். நேரில் "மாமா" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன்.

"என்னடா தம்பி, சம்பளத்தோட லீவாமே?" என்பார் ஓணான். "எங்கப்பா உழுத மண்ணு. இப்ப களை உன் முட்டிவரைக்கும் நிக்குது. ரோட்டுல போறவன் எல்லாம் நின்னு பார்க்கறான்."

அன்று என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்காது.

கொஞ்ச நாளில் ஆள் மாறிவிட்டார். கத்தி தீட்டுவது நின்றது. மத்தியானம் சாப்பிட்டதும், "கடைத்தெருவுல பேப்பர் படிச்சிட்டு வரேன்" என்று கிளம்புவார். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து, நாற்காலியில் சாய்ந்து, குழந்தை மாதிரி சிரிப்பார். ஒருவழியாக மனிதர் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டார் என்று நானும் மத்தியானத்தில் நிம்மதியாகத் தூங்கினேன். நிலத்துப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். களை பறித்த கையும் அந்த ஜாதிதான். போனால் என்னையறியாமல் குனிந்துவிடுவேன் என்று பயம்.

அந்த நேரத்தில்தான் மானிய ஆய்வாளர் வந்தார். என் மகள் வயதுப் பெண். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, கையில் சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நானும் என் வீட்டுக்காரரும் முன்னே நடந்தோம். வளைவு தாண்டியதும் நான் நின்றுவிட்டேன்.

நிலம் பெருக்கித் துடைத்த கூடம் மாதிரி கிடந்தது. ஒரு புல் இல்லை. பாய் விரித்துப் படுக்கலாம்.

"களை எங்கம்மா?" என்றார் ஆய்வாளர்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "ஒண்ணு இருக்காது. தேடிப் பாருங்க. மேலாகக் கிள்ளி எறியற ஆளு இல்ல நான். எல்லாம் வேரோட எடுத்தது."

மத்தியானப் பேப்பர் எங்கே படிக்கப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் நகக்கண்ணில் ஏறியிருந்த மண்ணைப் பார்த்தேன். அத்தனை செய்தியும் அங்கேதான் இருந்தது.

"ஐயா, களை எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கே" என்றார் அந்தப் பெண்.

"உழக் கூடாதுன்னீங்க, சரி. விதைக்கக் கூடாதுன்னீங்க, அதுவும் சரி. களையை விடுன்னா எப்படிம்மா? எங்கண்ணன் வேலியோரம் நின்னு பார்க்கறானே, அவனுக்கு யாரு பதில் சொல்றது? உங்க அரசாங்கமா?"

வேலியோரம் ஓணான் தலையை ஆட்டினார்.

ஆய்வாளர் நல்ல பெண். பெயரை அப்போதே அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. "அடுத்த மாசக் கடைசியில வருவேன். நிலம் காடு மாதிரி இருக்கணும். இல்லேன்னா திட்டத்துலேர்ந்து எடுத்துடுவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடுத்துவிட்டால் பணம் வராது. பணம் வராவிட்டால் விதைக்க வேண்டும். விதைக்க வேண்டுமென்றால் அவர் டிராக்டரில் ஏறுவார். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அன்று சமையலறையில் பாத்திரங்களை நான் வைத்த வைப்பில் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"களைதானே? தானா வரும்" என்றார் அவர்.

வரவில்லை. மனிதர் அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தார். யாராலும் ஒழிக்க முடியாத கோரைப்புல் இருக்கிறதே, அதுவே இவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குடும்பத்தோடு வெளியேறிவிட்டது. மழையும் இல்லை. வாழ்நாளெல்லாம் களை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட வாயால், "ஒரு நெருஞ்சியாவது முளைக்கட்டும்" என்று வானத்தைப் பார்த்துக் கெஞ்சினேன். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

கடைசியில் மானத்தை விட்டு ஓணானிடம் போய்க் கேட்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் வேலியருகே போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணே, உன் நிலத்துலேர்ந்து கொஞ்சம் களை குடேன்" என்றார்.

ஓணானுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் நிலத்துல களை இருக்குன்னு சொல்றியா? யாரைப் பார்த்துடா கேட்டே? உள்ள வந்து பாரு. ஒண்ணைக் காட்டு, என் மீசையை எடுத்துக்கறேன்!"

என் பிறந்த வீட்டில் சண்டை நடந்தபோதுகூட இவ்வளவு சத்தம் கேட்டதில்லை. அண்ணனும் தம்பியும் சொத்தைப் பிரித்தபோது ஒரு வார்த்தை மிஞ்சிப் பேசாதவர்கள், இப்போது ஒரு பிடி களைக்காக ஒருவரையொருவர் ஏழு தலைமுறைக்கு இழுத்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்து டவுனில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம் வந்துவிட்டது. போகாமல் இருக்க முடியாது. மண்வெட்டியையும் களைக்கொத்தையும் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். போகிற வழியில் வேலியருகே நின்றேன். "மாமா, நான் வர்றவரைக்கும் அவரைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க. வயல்ல இறங்க விடாதீங்க" என்றேன். ஓணான் தலையை ஆட்டினார். எதற்கும் ஆடுகிற தலை அது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

பேத்தி பிறந்தாள். போனில் சொன்னபோது, "அப்படியா, சந்தோஷம்" என்றவர் அதே மூச்சில், "இங்க களை எல்லாம் வந்திருச்சு" என்றார்.

"மழையே இல்லையே, எப்படி வந்தது?"

"உனக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு?" என்று போனை வைத்துவிட்டார்.

நான் ஊர் திரும்பி பஸ்ஸிலிருந்து இறங்கிய அதே காலையில் ஆய்வாளரும் வந்து சேர்ந்தார். பையைக்கூட வீட்டில் வைக்காமல் அவரோடு நிலத்துக்கு நடந்தேன். என் வீட்டுக்காரர் அங்கேயே நின்றிருந்தார், சட்டை போட்டு, தலை வாரி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி.

களை வந்திருந்தது. நெருஞ்சி, குப்பைமேனி, கோரை, பெயர் தெரியாத முள்ளுச்செடி எல்லாம் வந்திருந்தன. எல்லாம் வரிசையாக வந்திருந்தன. கயிறு பிடித்து நட்ட வரிசை. செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி, ஓரத்தில் வாய்க்கால், ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஈரம். ரோட்டோரத்துக் களையைப் பிடுங்கி வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, நாற்று நடுகிற மாதிரி நட்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது பரவாயில்லை. இவர் அதை நடு இலையில் வைத்து அலங்காரம் செய்திருந்தார்.

"ஒரு ஆளால இந்த நீளத்துக்கு நேராக் கயிறு கட்ட முடியாதே" என்றேன். "மறு முனையை யாரு பிடிச்சது?"

வேலியோரம் ஓணான் வேறு பக்கம் திரும்பி வானத்தை ஆராய்ந்தார். "கோணலா நட்டா நாலு பேரு என்ன சொல்லுவான்?" என்று முணுமுணுத்தார். சண்டை எப்போது முடிந்தது என்று நான் கேட்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அந்த வீட்டு ஆண்களுக்குப் பகை நினைவிருக்காது.

ஆய்வாளர் ஒரு வரிசையைக் குனிந்து பார்த்தார். பலமாகத் தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது சாகுபடிம்மா. எழுதித்தான் ஆகணும்" என்றார். சிலேட்டில் அவர் விரல் ஓடியது. நின்றது. மேலே போனது, கீழே வந்தது. மறுபடியும் தும்மினார்.

"என்னாச்சும்மா?" என்றேன்.

"சாகுபடின்னு போட்டா என்ன பயிர்னு கேக்குது. சோளம் இருக்கு, அவரை இருக்கு, வெள்ளரி இருக்கு. களைக்கு இடமே இல்ல. பயிர்ப் பேர் போடாம அடுத்த பக்கம் போக விடாது."

அலுவலகத்துக்குப் போன் போட்டார். மேலதிகாரி எதையோ மென்றுகொண்டே பேசினார், எங்களுக்கும் கேட்டது. "பயிர்ப் பட்டியல்ல இல்லாதது பயிர் இல்ல. பயிர் இல்லேன்னா அது தரிசு. தரிசுன்னு போட்டுட்டு வா. நிலத்துக்காரரை மட்டும், 'நான் இந்த நிலத்துல ஒரு வேலையும் செய்யல'ன்னு வாயால சொல்லச் சொல்லி வீடியோ எடுத்துக்கோ. அவர் சொன்னாப் போதும், பொறுப்பு அவருது."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரே ஒரு வாக்கியம். பச்சைப்பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஆய்வாளர் கேமராவைத் திருப்பினார். "சொல்லுங்க ஐயா."

என் வீட்டுக்காரர் கேமராவைப் பார்த்தார். தன் வரிசைகளைப் பார்த்தார். "ஏம்மா," என்றார், "கண்ணு தெரியாதவன்கூட இதைத் தடவிப் பார்த்துட்டு, இது யாரோ நட்டதுன்னு சொல்லிடுவான். இதைப் பார்த்து ஒரு வேலையும் செய்யலன்னு எப்படிச் சொல்றது? நான் நட்டது. ஒண்ணுகூடச் சாகல, தெரியுமா?"

"ஐயா, நீங்க நட்டேன்னு சொன்னா மானியம் போயிடும்."

"போகட்டும். உழைச்சதை உழைக்கலன்னு சொல்லி வாங்கற காசு எனக்கு வேணாம். மழை வந்தா சோளம் போட்டுக்கறேன்."

அந்தப் பெண்ணின் முன்னால், ஓணானின் முன்னால், நான் தோளில் பையோடு போய் அவர் கையைப் பிடித்து வரப்போரம் இழுத்துக்கொண்டு போனேன். இவ்வளவு நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்துவிட்டது.

"மண்ணுக்குச் சத்து இல்லன்னு யாரு சொன்னது? நான்தான் சொன்னேன். பொய்! இந்த மண்ணு நல்லாத்தான் இருக்கு. மண்ணுக்காகவா நான் அந்த ஆபீஸ் படி ஏறினேன்? உங்களை உட்கார வைக்கத்தான். அந்த டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றார்.

"யாரு சொன்னது?" என்றேன்.

"நீ முகம் கழுவப் போனியே, அப்ப உள்ள வந்து என்கிட்டயும் சொன்னார். எனக்குத்தானே நெஞ்சு வலி, என்கிட்ட சொல்லாமலா இருப்பார்? நீ திரும்ப வந்து வாயுன்னு சொன்னே. உன் மூஞ்சியைப் பார்த்தேன். சரி, வாயுன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"தெரிஞ்சுமா வேரோட பிடுங்கினீங்க? தெரிஞ்சுமா வண்டி வண்டியா நட்டீங்க?"

"நடுநடுவுல உட்கார்ந்துக்கிட்டேன்" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. அழுதேன். "எனக்கு நீங்க வேணும். இந்த நிலம் எப்படிப் போனா எனக்கென்ன?" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. சொல்கிற பழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. அவர் என் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் வரிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேமரா முன்னால் போய் நின்றார்.

"எழுதிக்கோங்கம்மா. நான் இந்த நிலத்துல ஒரு வேலையும் செய்யல." செருமிக்கொண்டார். "இந்த நிலத்துலன்னு இல்ல. எங்கேயும் எதுவும் செஞ்சதில்ல. நான் பிறவிச் சோம்பேறி. சந்தேகமா இருந்தா அதோ எங்கண்ணன் நிக்கறான், கேளுங்க."

ஓணான்மேல் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. தம்பியைச் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர், இன்று பார்த்து உண்மையைச் சொல்லித் தொலைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் தலை ஆடவில்லை.

"ஆமாம்மா," என்றார், கண்ணில் தண்ணீரோடு. "என் தம்பி ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட மாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

ஆய்வாளர் தும்மிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். தரிசு. பணம் அந்த மாதமே வந்துவிட்டது.

இப்போது அவர் உட்காருகிறார். நிஜமாகவே உட்காருகிறார். நாற்காலியை நிலத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறோம். மடியில் சில சமயம் பேத்தி இருப்பாள். ஓணான் மாலையில் வேலியைத் தாண்டி வந்து பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொள்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து களைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக்கூட அவர்கள் இவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை.

நேற்று அவர் நாற்காலியிலிருந்தபடியே என்னைக் கூப்பிட்டார். கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மூணாவது வரிசையில ஒண்ணு வாடுதே, பார்த்தியா?"

"இல்லையே" என்றேன். காலையிலேயே பார்த்திருந்தேன்.

"தண்ணி ஊத்தினா பிழைச்சுக்கும்."

"வாடினா வாடட்டும். விதி அதான். நீங்க எந்திரிக்கக் கூடாது."

"எந்திரிக்கல" என்றார். எந்திரிக்கவும் இல்லை. கண்ணை மட்டும் அந்தச் செடியிலிருந்து எடுக்கவில்லை.

அவர் நாற்காலியிலேயே கண்ணயரும்வரை சமையலறையில் இருந்தேன். பிறகு ஒரு செம்பில் தண்ணீரை மொண்டு, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அவர் நாற்காலிக்குப் பின்பக்கமாகச் சுற்றி நிலத்துக்குப் போனேன். வேலியோரம் ஓணான் பார்த்துவிட்டார். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

மூன்றாவது வரிசையில் குனிந்து அந்த நெருஞ்சிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அது வரிசையிலிருந்து கொஞ்சம் விலகிச் சாய்ந்திருந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, மண்ணை அணைத்து நேராக நிறுத்திவிட்டு வந்தேன்.